பட்டியலில் வந்த நெட்ஸ்கேப்

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வாதாட எனக்குச் சக்தியில்லை. ஆனால் இது நடந்தது. 2009 சித்திரை, அதாவது ஏப்ரல் மாதம், பீலெஃபெல்ட் நகரில், என் மூன்றாம் மாடி அறையில், பட்டப்பகலில்.

அப்போது எனக்கு இரண்டு வேலை. காலை நான்கு மணிக்கு அலுவலகங்கள் துடைப்பது, பத்து மணியிலிருந்து ஒரு பக்டரியில் கிழங்கு பொதி செய்வது. வீட்டுக்கு வர மூன்றரை ஆகிவிடும். பேய்க்குப் பயப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அதுவும் என்னிடம் இருக்கவில்லை.

தம்பி நிலக்ஷன் வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். முன்பு மன்னாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவன். எங்கள் இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் கணக்கு, ஒரே பாஸ்வேர்ட். யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் எதையும் அனுப்பமாட்டோம். எழுதி, அனுப்பாமல் சேமித்து வைப்போம். மற்றவர் திறந்து வாசிப்பார். மாசிக்குப் பிறகு அவன் எதுவும் எழுதவில்லை. "தம்பி, இருக்கிறியா?" என்ற என் ஒற்றை வரி மட்டும் அங்கே கிடந்தது.

கோயிலில் வெரோனிக்கா அக்கா, இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு பிள்ளை. தம்பீன்ர பெயரைக் குடுக்கிறியோ?"

கொடுத்தால் நானே அவனைச் சாகடித்தது போல. பெயர் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, கணக்கில் யார் எப்போது நுழைந்தார்கள் என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். என் வரிகளில் எல்லாம் ஃபயர்பாக்ஸ். திங்கள் 15:52-க்கு மட்டும் நெட்ஸ்கேப் என்ற பழைய பிறவுசர். இடம்... பீலெஃபெல்ட். என் வீட்டு இணைப்பு.

அந்த நேரம் நான் வீட்டில் தனியாக இருந்தேன். என் கம்ப்யூட்டரில் நெட்ஸ்கேப்பே கிடையாது. தம்பியின் கடையில்தான் அது இருந்தது.

தொலைபேசிக் கடை வைத்திருக்கும் செல்வரட்ணம் அண்ணையிடம் கேட்டேன்.

"உந்தப் பட்டியல் பிழை விடும், தங்கச்சி. பிறவுசரை மாறி அடையாளம் பிடிக்கும். போய்ப் படுங்கோ."

நம்பத்தான் எனக்கும் ஆசை. ஆனால் புதன் 15:49. மறுபடி நெட்ஸ்கேப். என்னுடைய வரிகளில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஒன்று மட்டும்...

சித்திரை 23, வியாழன். விழித்திருந்து பார்ப்பதென்று கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் மேசையில் திறந்தபடி. 15:40 வரை நினைவிருக்கிறது. பிறகு கண் தானாக மூடிவிட்டது.

டக்... டக்...

விசைகள் தட்டும் சத்தம். மிக அருகில்.

கண்ணைத் திறக்க முடியவில்லை.

டக்...

நின்றது.

16:10-க்கு விழித்தேன். அறையில் யாரும் இல்லை. பட்டியலில் 15:47. நெட்ஸ்கேப்.

சேமித்த கடிதத்தில், என் கேள்விக்குக் கீழே ஒற்றைச் சொல்லில் பதில்.

"ஓம்."

 சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதேன். வெரோனிக்கா அக்காவுக்கு உடனே போன் எடுத்தேன்.

"பெயர் வேண்டாம் அக்கா. தம்பி இருக்கிறான்."

ஆவணியில், முகாமிலிருந்து வெளியே வந்த யோசப்பின் என்ற பெண் எனக்குப் போன் எடுத்தாள். தம்பியோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவள். அவன் காயப்பட்டு, நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தானாம். விரல்கள் மட்டும் மண்ணில் தட்டிக்கொண்டே இருந்தனவாம்.

"கடைசியாக் கண் முழிச்சுக் கதைச்சவர், அக்கா. 'அக்காட்டப் போனனான். கதிரையிலேயே நித்திரை. ஒரு கால் சப்பாத்துக் கழட்டேல்லை. சரியான களைப்பு, பாவம், எழுப்பேல்லை' எண்டார். அதோட மூச்சு நிண்டிட்டுது."

"எப்ப?"

"சித்திரை இருபத்திமூண்டு. பின்னேரம் ஏழேகால் தாண்டியிருக்கும்."

அங்கே ஏழேகால் என்றால், இங்கே மூன்றே முக்கால்.

அன்று ஒரு காலில் சப்பாத்தோடு நான் தூங்கிப்போனதை யாரிடமும் சொன்னதில்லை.

எழுப்பியிருக்கலாமே, தம்பி.