மஞ்சள் பைக்குள் மாப்பிள்ளை

எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் உப்பு ஜாடியில் சாய்ந்தபடி ஒரு மாப்பிள்ளை குடியிருந்தார். நான் உப்பு எடுக்கப் போனால், "அத்த, குழம்பு பொங்குது பாருங்க" என்பார். நான் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, உப்பை எடுக்காமலே திரும்பிவிடுவேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக் குழம்பு சப்பென்று இருந்ததற்கு என் கைப்பக்குவத்தைக் குறை சொல்லக் கூடாது.

புருஷன் காலமான பிறகு நான் விழுப்புரத்தில் தம்பி வீட்டோடு இருக்கிறேன். தம்பிக்குக் கோலியனூரில் உரக்கடை. ஒரே மகள். அவளுக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவர். செத்தவர் தலைக்குப் பின்னால் மேகமும், காது குத்துகிற குழந்தைக்குப் பின்னால் சிங்கமும் வைப்பதில் கெட்டிக்காரர் என்று பேர்.

நிச்சயத்தன்று தட்டு வரிசையில் ஒரு போனும் வந்தது. எங்கள் பக்கம் இப்போது அதுவும் ஒரு சீர். பெண்ணிடம் ஏற்கெனவே போன் இருந்தாலும் மாப்பிள்ளை ஒன்று வாங்கித் தர வேண்டும். அவள் அதில்தான் பேச வேண்டும். பூ, பழம், வெற்றிலைக்கு நடுவில் அந்த டப்பாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஆரத்தி மட்டும்தான் எடுக்கவில்லை.

அன்று திறந்த போன் அணையவே இல்லை. முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ கால் நாள் முழுக்க ஓடும். அவள் சமையல்கட்டுக்கு வந்தால் அவர் உப்பு ஜாடியில், சாப்பிட உட்கார்ந்தால் சொம்பில் சாய்ந்திருப்பார். அவள் குளிக்கப் போனால் துவைக்கிற கல்லில், மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தபடி இருப்பார். படுத்தால் தலையணைக்கு அடியில். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் குறட்டை வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. "இருக்கியா?" என்பார். "இருக்கேன்" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து இவள் "இருக்கியா?" என்பாள். அவர் "இருக்கேன்" என்பார். இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

"இன்னா பாசம் பாருங்க அண்ணி" என்று தம்பி பெண்டாட்டி பூரித்துப்போவாள்.

முறைப்படி நான் அவருக்குப் பெரியம்மா ஆக வேண்டும். இவள் அத்தை என்று கூப்பிடுவதால் அவரும் அத்தை என்றார். உறவைக்கூட அவளிடமிருந்துதான் சார்ஜ் ஏற்றிக்கொண்டார். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். "சாப்டீங்களா அத்த?" என்று தினமும் என்னைக் கேட்டவர் அவர். என் புருஷன் இருந்த காலம் முழுக்க அந்தக் கேள்வி என் காதில் விழுந்ததில்லை. நானும் என் புருஷனும் ஆயுசுக்கும் பேசியதை மூட்டை கட்டினால் இவர்களுடைய ஒரு மத்தியானத்துக்கு வராது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காமிக்ஸ் செய்தார்கள். படம் அவர், எழுத்து இவள். வாரா வாரம் போனில் போடுவார்கள். முகம் தெரியாத ஆட்கள் இதயம் இதயமாக அனுப்புவார்கள். கடையில் மிச்சமாகிற பிளக்ஸ் துண்டுகளில் அதையே அச்சடித்தும் அவர் கொடுத்தனுப்பியிருந்தார். தண்ணீர் பட்டாலும் நனையாத, மாடு தின்றாலும் செரிக்காத புத்தகம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பக்கம் முழுக்க எழுத்தாக இருந்தால் கண்ணைக் கட்டும். படக்கதை என்றால் ஒரு கட்டத்துக்கு நாலு வார்த்தை, எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். மத்தியானத்தில் சுவரோரம் உட்கார்ந்து முழுவதும் படித்தேன்.

இன்னும் நூறு வருஷம் கழித்து ஒரு ஊர். என்னவோ பேர் வைத்திருந்தார்கள். பார்த்ததுமே திண்டிவனம் மேம்பாலம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வானத்தில் சூரியன் இல்லை. எல்லாம் பேனர், எரிகிற பேனர். மழை கறுப்பாகப் பெய்கிறது. ஜனங்களுக்குக் காதுக்குப் பின்னால் பிளக் செருகுகிற ஓட்டை. பசித்தால் யாரும் சோறு தேடுவதில்லை. தள்ளுவண்டிக்காரன் டம்ளரில் சார்ஜ் விற்கிறான். பிள்ளை அழுதால் தாய் அதன் காதில் ஒயரைச் செருகுகிறாள். அந்த ஊரில் ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேருக்கும் ஒரே பேட்டரி, நடுவில் ஒரு ஒயர். அவள் அடுத்த தெருவுக்குப் போனால் இவனுக்கு மூச்சு நிற்கும். இவன் கண் அயர்ந்தால் அவளுக்கு உலகம் இருட்டும். இதற்குப் பேர் காதலாம்.

"இதுல இன்னா சொல்ல வர்றீங்க?" என்று அவளைக் கேட்டேன்.

"ஜனங்க டெக்னாலஜிக்கு அடிமையாயிட்டாங்க அத்த. அவுங்கள எச்சரிக்கிறோம்" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கரெக்ட்" என்றது உப்பு ஜாடி.

கதையில் ஒரு வில்லி உண்டு. கூன் விழுந்த கிழவி. கையில் கட்டிங் பிளேயரோடு சந்து சந்தாக அலைந்து, ஜோடிகளின் ஒயரைத் துண்டிக்கிறவள். ஒற்றைக்கல் மூக்குத்தி. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துகிற தினுசு. தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம், ஐந்தாம் வகுப்புக்குத் தெரியாமல் போய்விடுமா? "சாப்புடறப்பவாவது போன கீழ வையேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னதற்கு எனக்குக் கிடைத்த சன்மானம். கோபம் வரவில்லை. அந்த ஊரிலேயே உருப்படியாக ஒரு வேலை பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

இதற்கு நடுவில் பரீட்சை வந்தது. தாலுகா ஆபீஸ் மாதிரி இடங்களுக்கு ஆள் எடுக்கிற அரசாங்கப் பரீட்சை. காலேஜ் முடித்ததிலிருந்து அவள் அதற்குத்தான் படித்தாள். போன தடவை கொஞ்சத்தில் தவறிவிட்டது. "இதான் கடைசி. வைகாசியில கல்யாணம். அப்பறம் அங்க போய் படிக்கறேன் கிடிக்கறேன்னு ஒக்கார முடியாது" என்று தம்பி தீர்த்துச் சொல்லிவிட்டான். அந்த வேலையை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். சின்னப் பெண்ணாக இருக்கும்போது முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னை எதிரே நிற்க வைத்து, "நாளைக்கு வாம்மா, ஐயா இல்ல" என்று ஆபீசர் விளையாட்டு விளையாடுவாள்.

பாடத்தில் ஒரு குறையும் இல்லை. போன் இல்லாமல் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், அதுதான் சிக்கல். வீட்டில் எழுதிப் பார்த்த பரீட்சையில் பாதியிலேயே எழுந்து ஓடி வந்து "இருக்கியா?" என்று கேட்டாள்.

"கையெல்லாம் நடுங்குது அத்த. உள்ள எப்டி இருக்கப் போறேனோ" என்று அழுதாள். அந்தப் பக்கம் அவரும் அழுதார். உப்பு ஜாடி நனையாததுதான் பாக்கி.

கடைசியில் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வழி நான். பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். போன் அணையக் கூடாது.

"அவ உள்ள இருக்கறப்ப அந்த கேட்டையாவது பாத்துக்கினு இருந்தா எனக்கு உசுரு நிக்கும் அத்த" என்றார்.

ஆண்பிள்ளைக்கு எதிரே "முடியாது" என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி எங்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, கேட்டுக்குள் போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என்னை அல்ல.

வெளியே புளியமரத்தடியில் ஒரே கூட்டம். பெண்டாட்டிகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கைக்குழந்தைகளோடு நிற்கிற புருஷன்மார்கள்தான் பாதிப் பேர். நான் ஒரு கல்லின் மேல் ஒடுங்கி உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அத்த, கொஞ்சம் தூக்கிப் புடிங்க. ஒங்க மூக்குதான் தெரியுது" என்றார் மாப்பிள்ளை. நாலு பேருக்குக் கேட்கிற குரல்.

பால் புட்டியும் குழந்தையுமாக நின்றவர் எட்டிப் பார்த்தார். "யாரு பாட்டி, பையனா? துபாய்ல கீறாரா?"

"திண்டிவனத்துல" என்றேன்.

"திண்டிவனத்துல இருந்துக்கினா போன்ல வர்றாரு? பஸ்ஸு போவுதே பாட்டி!"

மரத்தடியே சிரித்தது. எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. நடுத்தெருவில் ஒரு ஆணின் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவரோ "அத்த, கேட்டு பக்கம்... இன்னும் லெப்டுல..." என்று நிறுத்தவில்லை. வேறு வழி தெரியாமல் மாப்பிள்ளையைத் தூக்கி மஞ்சள் பைக்குள் போட்டு, பையின் காதை முடிந்துவிட்டேன். உள்ளே தயிர்சாத டப்பா இருந்தது. "அத்த, இருட்டா கீது... அத்த..." என்று கொஞ்ச நேரம் பைக்குள்ளிருந்து குரல் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. பாவம், அசந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, விற்றுக்கொண்டு வந்தவளிடம் ஒரு பொட்டலம் வாங்கி வைத்தேன்.

வெயில் ஏறியிருந்தது. ரோட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். சட்டைப் பட்டன் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தது; காலில் இரண்டு வேறு செருப்பு. நேரே கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். போனில் பார்த்ததைவிட முகம் பெரிதாக இருந்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நம் மாப்பிள்ளை.

காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா கேட்டார். "இன்னாய்யா வேணும்?"

"உள்ள ஒரு பொண்ணு எழுதுது மேடம். நான் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடணும்."

"நீ நல்லா இருக்கறது கேள்வித்தாள்ல வருதா?"

"போன் கட்டாயிட்ச்சு மேடம். அவ தாங்க மாட்டா. ஒரே ஒரு நிமிஷம் வெளிய கூப்டுங்க."

"வெளிய வந்தா திரும்ப உள்ள உட மாட்டாங்க. அவ பரீச்ச அதோட போச்சு. எமர்ஜென்சியா? சொல்லு, கூப்புடட்டுமா?"

அவர் உள்ளே பார்த்தார். வாய் திறந்தது. "ஆமா" என்றுதான் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு தானாக எழுந்தது. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் என் குரல் எப்படி வந்ததோ, எனக்கே அந்நியமாக இருந்தது.

"மாப்ள! போனு இங்க கீது!"

கம்பியை விட்டுவிட்டு ஓடி வந்தார். போன் என்ற சொல்லுக்கு அந்தச் சக்தி உண்டு. நான் பையின் முடிச்சை அவிழ்த்தேன். டப்பாவின் மூடி திறந்துகொண்டு, போன் தயிரில் முழுகி உயிரை விட்டிருந்தது. ஒரு மாதுளை முத்து அதன் மேல் ஒட்டியிருந்தது.

"அடப்பாவமே! இதுக்கா கண்ணு பஸ்ஸு புடிச்சு வந்த?" என்றார் குழந்தைக்காரர். "நான்கூட உள்ள அந்தப் பொண்ணுக்குப் பிரசவமோன்னு பாத்தேன்."

மாப்பிள்ளை என் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். மாதக்கணக்காக உப்பு ஜாடியிலிருந்து குழம்புக்குப் பக்குவம் சொன்னவருக்கு, நேரில் என் முகத்தைப் பார்க்க வெட்கம். நானும் தரையைப் பார்த்தேன். இரண்டு பேரும் எறும்பு போவதைப் பார்த்தோம். கடைசியில் நான்தான் பேசினேன்.

"அந்தக் கதையில கட்டிங் பிளேயர் வச்சிக்கினு வர்ற கெழவி நான்தானுங்களே?"

அவர் காது சிவந்தது. "இல்லங்க அத்த... மூக்குத்தி மட்டும் ஒங்களுது."

"நல்லாத்தான் வரஞ்சிருக்கீங்க" என்றேன்.

மணி அடித்தது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். இவள் யாரோ ஒருத்தியோடு கையை ஆட்டி ஆட்டி, ஏதோ கேள்வியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"நீ இங்க இன்னா பண்ற?"

"போன் கட்டாயிட்ச்சு. பயந்துட்டேன். நீ... நீ எப்டி இருந்த? கை நடுங்குச்சா?"

"மொதல்ல நடுங்குச்சு." என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். "பேப்பர் குடுத்தாங்க. அப்பறம் ஞாபகமே இல்ல."

"எது ஞாபகம் இல்ல?"

"நீதான்."

"மூணு மணி நேரமும்?"

"ஆமா." கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு எப்போதும் வராது. "நல்லா இருந்துச்சு."

குழந்தைக்காரர் புட்டியைக் குழந்தையின் வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார். மாப்பிள்ளையின் கண் நிரம்பிவிட்டது. "அப்ப என்ன விட பரீச்ச பெருசா?" என்றார். அவள் அடுத்த மல்லாட்டையை உரித்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். "அத்த, நீங்களே சொல்லுங்க. இது ஞாயமா?"

சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் எதிரே நிற்கிறவர் ஆண்பிள்ளை, சுற்றிலும் கூட்டம். ரோட்டைப் பார்த்தேன்.

"திண்டிவனம் வண்டி வருது பாருங்க மாப்ள" என்றேன்.

ஏறிப் போனார். ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு போனதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இவள் ஆட்டோவில் என் மேல் சாய்ந்து வீடு வரை தூங்கினாள்.

அந்தப் பரீட்சையில் தேறிவிட்டாள். இன்னும் ஒன்று எழுத வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் கல்யாணம் என்று அவளே சொல்லிவிட்டாள். திண்டிவனத்தில் என்னைத்தான் ஏசுகிறார்கள். கிழவி தயிரை ஊற்றிக் குடும்பத்தைப் பிரித்துவிட்டாளாம். தம்பி பெண்டாட்டிகூட ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புதுப் போன் வேண்டாம், தன்னுடைய பழையதே போதும் என்று இவள் அந்தச் சீரை மறுத்ததில் அவளுக்கு வருத்தம்.

மாப்பிள்ளை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி நேரில் வருகிறார். முதல் இரண்டு வாரம் எதிரெதிரே உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு இவள் பரீட்சைக் கைடைத் தூக்கி அவர் மடியில் வைத்து, கேள்வி கேட்கச் சொன்னாள். அவர் கேட்கிறார், இவள் பதில் சொல்கிறாள். தப்பான பதிலுக்கும் அவர் "சூப்பர்" என்கிறார். அதற்காக வாரா வாரம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.