ஒரு வார்த்தைகூடக் கேட்காதவள்

எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண்ணுக்குக் கணவர் உண்டா இல்லையா என்பது ஒரு மாதமாகியும் எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பிரியாணிப் பொட்டலம் வரும். ஆனால் அந்த வீட்டில் அவளைத் தவிர வேறொரு தலையை நான் கண்டதில்லை.

தாடிக்கொம்பிலிருந்து பஸ்ஸில் வரும் பூக்காரிக்குத் தெரியாத சங்கதி எங்கள் தெருவில் கிடையாது. தேவையே இல்லாமல் ஒரு முழம் மல்லிகை கூடுதலாக வாங்கிக்கொண்டு, மெதுவாக விசாரித்தேன்.

"நமக்கெதுக்குக்கா அதெல்லாம்?" என்று பூவை அளந்தாள்.

இவள் எப்போது இவ்வளவு யோக்கியமானாள்? அங்கேயும் தினமும் பூ கொடுக்கிறாள். என்னைப் பற்றி என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாளோ!

"சரி, அந்தம்மா என்னையப் பத்தி என்ன கேட்டுச்சு? மறைக்காமச் சொல்லு."

"ஒங்களப் பத்தியா? சத்தியமா ஒரு வார்த்த கேக்கலக்கா."

ஒரு மாதமாக வாசலுக்கு வாசல் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். என் வீட்டுச் சண்டை தெருமுனை வரைக்கும் எட்டும். அவளுக்கு ஒன்றுகூடக் கேட்கத் தோன்றவில்லையாம்.

அதுவரை எனக்கு இருந்தது வெறும் சந்தேகம்தான். அவளிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறுதியானது.