ஓணச் சாப்பாட்டுக்குப் பின் வடம் இழுத்தது

வடகரப்பதியில் எங்கள் மன்றத்து ஓணத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் பந்தியில் ஆண்கள் உண்பார்கள், பெண்கள் பரிமாறுவார்கள். பிறகு வடம்வலி, அதாவது கயிறு இழுக்கும் போட்டி. அது முடிந்துதான் பெண்களுக்கு இலை போடுவார்கள். இதில் யாரும் குறை கண்டதில்லை, நானும்தான்.

அந்த வருடம் கணவன்மாருக்கும் மனைவிமாருக்கும் போட்டி. தோற்ற அணி பெண்களின் பந்திக்குப் பரிமாறி, அண்டாக்களையும் தேய்க்க வேண்டும். எங்கள் அணியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கும் கடைசி ஆள் நான். எடை தொண்ணூறு கிலோ, வேறு தகுதி கிடையாது. ஆனாலும் அந்தப் பதவி என்றால் எனக்கு உயிர்.

சிக்கல் என் வயிறு. முந்தின வாரம் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தேங்காய் மூட்டை சுமந்து, எரிச்சல் தாங்காமல் டாக்டரிடம் போயிருந்தேன்.

"உடம்ப ரொம்ப வருத்துனா ரத்தம் கை காலுக்குப் போயிருமுங்க. இரைப்பையோட உள்சவ்வுக்கு வரத்து கொறஞ்சுரும். அப்புறம் அமிலம் அதைக் கடிக்கும். சாப்புட்டதும் கனமான வேலை வேண்டாம்" என்றார்.

ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டேன். வீடு வந்து சேர்வதற்குள் என் மூளை வேலையைக் காட்டிவிட்டது. ரத்தம் ஓடிப்போவதுதானே தொல்லை? வயிறு முட்ட உண்டால், செரிக்க வேண்டுமென்று ரத்தம் அங்கேயே தங்கிவிடாதா? ஆகவே ஓணத்தன்று மருந்து குடிப்பதுபோல மூன்று தரம் சோறு வாங்கினேன்.

பரிமாறிய மனைவி, "ஏனுங்க, அப்புறம் இழுக்கோணுமுங்க" என்றாள்.

"அதுக்குத்தான் திங்கறேன்" என்றேன்.

விசில் ஊதினார்கள். எங்கே போவதென்று தெரியாமல் ரத்தம் திண்டாடியிருக்க வேண்டும். கைக்கும் வரவில்லை, வயிற்றிலும் நிற்கவில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே மிளகாய் அரைத்து அப்பியதுபோல் எரிந்தது. எனக்கு முன்னால் நின்ற ஏழு பேரும் வரிசையாக ஏப்பம் விட்டார்கள். எதிரே காலையில் தின்ற இட்டிலியோடு மட்டும் நின்றிருந்த பெண்கள், சேலையை இழுத்துச் செருகியிருந்தார்கள். அவர்கள் ரத்தத்துக்கு அப்போது ஒரே வேலைதான். மூச்சு வாங்காமல் இழுத்தார்கள். நான் உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போனேன். வெட்கத்தில் காது சுட்டது.

பெண்கள் இலை முன் அமர்ந்தார்கள். சாம்பார் வாளியுடன் குனிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எரிச்சலால்தான். மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"வயிறு எரியுதுங்களா?"

"இல்லை."

"எரிஞ்சா சொல்லுங்க. அடுத்த வருஷம் மெதுவா இழுக்கறோம்."