தையல் மோட்டாரைக் காப்பாற்றிய டெய்லரக்கா

டெய்லரக்காவின் வரலாற்றை எழுதுவோர் அவருடைய இடது முழங்காலிலிருந்து தொடங்குவதே முறை. இருபத்தாறு வருடம் தையல் மெஷினை மிதித்துத் தேய்ந்த அந்த முழங்கால், போன வருடம் பகிரங்கமாக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதன் பிறகுதான் மெஷினுக்கு ஒரு சின்ன மோட்டார் வந்தது. பாதத்தை லேசாக வைத்தால் போதும், தையல் பிய்த்துக்கொண்டு ஓடும்.

அவர் கணவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர். முப்பது வருடம் பொத்தானை அழுத்தி, எத்தனையோ அதிகாரிகளை ஏற்றி இறக்கியவர். வீட்டில் ஏற்றி இறக்க ஆளில்லாததால் அவர் கவனம் சுவிட்சுகள்மேல் திரும்பியது. மாடியில் குடியிருக்கும் மச்சினிச்சி அவருக்கு வைத்த பெயர் மின்சார மந்திரி. அவரும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

இந்தக் கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. மின் கட்டண ரசீதைப் பார்த்த மந்திரிக்கு அதைவிடச் சூடு ஏறி, அன்றே நெருக்கடி நிலையை அறிவித்தார். குளியலறை விளக்குக்கு நாலு நிமிடம். அதற்குள் வெளியே வராதவர்கள் இருட்டில் தலை துவட்டிக்கொள்ள வேண்டியது. பகலில் கூடத்து ஃபேன் சுற்றக் கூடாது. அதற்குப் பதிலாக, தினமும் மதியம் தண்ணீர் பம்பைப் போட்டு மொட்டை மாடியை நனைத்து வீட்டைக் குளிர வைப்பதாக வாக்குக் கொடுத்தார். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் குழாயும் கையுமாக நின்றார். ஒரு தியாகியிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஒரு வாரம் கழித்து மீட்டரைப் பார்த்தார். அந்த வாரம் ஓடிய யூனிட் குறையவில்லை, கூடியிருந்தது. உடனே விசாரணை நடந்தது. குற்றவாளியும் சிக்கியது: நாள் முழுக்க கர்ரென்று கத்தும் தையல் மோட்டார். கத்துவதுதான் அதிகம் தின்னும் என்பது அவர் கொள்கை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிப் பரணில் போடப்போவதாக அறிவித்தார்.

அக்கா கையில் முப்பது நர்ஸ் சீருடைகள் இருந்தன. கெடு பத்து நாள். மோட்டார் போனால் மூன்றாவது சீருடையிலேயே முழங்கால் கைவிரித்துவிடும், ஆர்டர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடும். அப்புறம் அக்கா டெய்லர் இல்லை, மந்திரியின் மனைவி மட்டும்தான். அது பெரிய பதவிதான். ஆனால் அவருக்கு அதில் ஆசையில்லை.

அவர் சண்டை போடவில்லை. "அதே பழைய அளவுதான்" என்று யார் சொன்னாலும், சிரித்துக்கொண்டே இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டுவிடுவது அவர் வழக்கம். மந்திரி சொன்ன அளவையும் நம்பவில்லை. சனிக்கிழமை காலை மாடியிலிருந்து தங்கையைக் கூப்பிட்டு மீட்டர் பெட்டிமுன் நிறுத்தினார். அதில் ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு மினுக்கும். மின்சாரம் அதிகம் ஓடினால் வேகமாக மினுக்கும். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு நிமிடம் எண்ணுவதென்று ஏற்பாடு.

முதலில் தையல் மோட்டார். அக்கா மூச்சு விடாமல் தைத்தார். ஐந்து மினுக்கல். அடுத்து ஃபேன், நாலு. மந்திரி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து, இஸ்திரிப் பெட்டியையும் விசாரிக்க வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கைதான். ஐம்பத்து மூன்று! மந்திரியின் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் தேய்க்கவென்று பெட்டியை நாள் முழுக்கச் சூடாகவே வைத்திருந்த அக்காவின் முகம் தொங்கிப்போனது.

"சரி, தப்பு என்னுதுதான். இனிமே எல்லாத்தையும் சேத்து வெச்சு ஒரே வாட்டியில தேய்ச்சிடறேன்," என்றார். "இப்ப பம்பைப் போடுங்க."

நாற்பது. மச்சினிச்சிக்கு எண்ணத் தெரியவில்லை என்று மந்திரி தாமே எண்ணினார். நாற்பத்தொன்று வந்தது.

"ஒரு ஃபேனை நிறுத்தறதுக்கு பத்து ஃபேனை ஓட்டியிருக்கீங்க மாமா," என்றாள் மச்சினிச்சி. "அதுவும் வெயில்ல நின்னுகிட்டு."

"பம்பு சத்தமே போடலையே," என்றார் மந்திரி. அது கொல்லைப்புறக் குழிக்குள் இருக்கிறது, எப்படிக் கேட்கும்?

"மோட்டாரைக் கழட்டறீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் அக்கா.

மந்திரி மீட்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இருக்கட்டும்," என்றார். எந்த அரசாங்கமும் இதைவிடத் தெளிவாகத் தோல்வியை ஒப்புக்கொண்டதில்லை.

மறுநாள், வெயில் சூடு கீழே இறங்காதிருக்க, மொட்டை மாடிக்கு மந்திரியே வெள்ளையடித்தார். மேற்கு ஜன்னலுக்கு அக்கா மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு இரட்டைத் திரை தைத்தார். ஃபேன் ராஜாபோலச் சுற்றியது. சீருடைகள் எட்டே நாளில் முடிந்தன. வாங்கிப் போன தலைமை நர்ஸ் இன்னும் அறுபதுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். மீட்டரில் ஓடும் யூனிட்டோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

சேதி பரவி, எதிர்வீட்டு அம்மா தன் வீட்டு மீட்டரையும் வந்து எண்ணித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா மெஷினை விட்டு எழவில்லை.

"எனக்குத் தலைக்குமேல வேலை கெடக்கு. அவரை அனுப்பறேன், நல்லா எண்ணுவாரு."