அரை மணி குறைந்த கல்யாணங்கள்

கிள்ளான் கிடங்கில் என்னை வேலையை விட்டு நிறுத்திய மத்தியானம், துணிப்பையோடு பஸ் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பூச்சோங்கில் லோரிக்கு ஆள் தேடுவதாகக் கேள்வி. வழியில் மழை பிடித்தது. ஒரு டைப்பிங் கடைக்குள் ஒதுங்கினேன்.

உள்ளே ஒரு பெண் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு மண்டபத்தின் பழைய கல்யாணப் பதிவேடுகள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை அவளுடையது. மண்டபத்துக்காரர் காலையில் வந்து பார்ப்பாராம். தப்பு இருந்தால் வேலை வேறு கடைக்குப் போய்விடுமாம்.

"என்ன தப்பு, தங்கச்சி?"

"ஞாயித்துக்கிழமை கல்யாணமெல்லாம் சனிக்கிழமைன்னு காட்டுதுண்ணே. நம்ம ஆளுங்க சனிக்கிழமையா பார்த்துத் தாலி கட்டுவாங்க?"

கம்ப்யூட்டருக்குத் தேதியே தெரியாதாம். எழுபதாம் வருடம் பிறந்ததிலிருந்து எத்தனை வினாடி என்று மட்டும், லண்டன் நேரப்படி எண்ணுமாம். அதனால் ஒவ்வொரு தேதியின் நள்ளிரவிலிருந்தும், லண்டனைவிட மலேசியா முந்தி ஓடும் எட்டு மணியைக் கழித்து வினாடியாக்கி ஏற்றியிருந்தாள். நான் மழையைப் பார்த்தபடி கேட்டேன். நான் படுத்த பஸ் ஸ்டாண்டுகளும் பட்டினி கிடந்த நாட்களும் அந்த எண்ணிக்கைக்குள் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தன.

"எல்லாமே தப்பா?"

"இல்லண்ணே. எண்பத்திரெண்டுலேருந்து சரியா இருக்கு."

அந்த வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினேன். வருடம் பிறந்ததும் நாடு முழுக்கக் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளினார்கள். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது, பக்கத்தில் நின்றவன் முகம் தெரியாத இருட்டு. காணாமல்போன அரை மணி மரங்களுக்கு நடுவே எங்கோ நிற்கிறது என்று அன்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சொன்னேன். அவள் விரல்கள் நின்றன. கம்ப்யூட்டர் பழைய நேரத்தை மறக்கவில்லை. எண்பத்திரெண்டுக்கு முந்தின தேதிகளில், அவள் எட்டு கழித்ததற்கு அது ஏழரைதான் கூட்டியது. அரை மணி குறைந்து, கல்யாணங்கள் முந்தின நாளுக்குள் வழுக்கிவிட்டன.

"ஏழரையா! அதான் சனியில போய் நிக்குது லா!" என்று சிரித்தாள்.

ஏழரை கழித்து மாற்றியதும் முதல் கல்யாணம் ஞாயிறுக்குத் திரும்பியது. ஆனால் ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

"தமிழ் வாசிப்பீங்களாண்ணே?"

"தோட்டத்துப் பள்ளியில ஆறு வரைக்கும்."

"தேதிக்கு அது போதும். காலையில வாங்க."

ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தேன். பூச்சோங் போகவில்லை. மறுநாள் காலை மண்டபத்துக்காரர் சில ஞாயிறுகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் பதிவேட்டை மடியில் வைத்து, தேதியையும் கிழமையையும் உரக்க வாசிக்கத் தொடங்கினேன்.