பெட்டிக்குள் மண் தேடிய பச்சோந்தி

நெடுந்தீவில் ஓணானையும் பச்சோந்தி என்றே சொல்வார்கள். எங்கள் மதிலோரப் பூவரசில் உண்மையான பச்சோந்தியைக் கண்டபோது, விலங்கியல் படிப்பிக்கும் எனக்கே கைகால் ஓடவில்லை. வலையடித்த பெட்டிக்குள் விட்டேன். தலைக் கொண்டையையும் செதில்களையும் படமெடுத்து, எந்த இனமென்று கேட்டுக் கொழும்பிலுள்ள ஓர் ஆய்வாளருக்கு அனுப்பினேன்.

இரையாகப் போட்ட வெட்டுக்கிளியை அது தொடவில்லை. உடல் கறுத்து, பெட்டியின் தரையை ஓயாமல் பிறாண்டியது. வகுப்பில் நிற்கும்போதும் அந்தச் சத்தம் என் காதில் கேட்டது.

"இஞ்சரும், அதின்ரை வயிறு ஊதிக்கிடக்கு. முட்டை போட இடம் தேடுதுபோல," என்றார் கணவர்.

"கொழும்பிலையிருந்து பதில் வராமல் விட ஏலாது," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டவள், அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பூவரசடியில் பெட்டியைத் திறந்தேன். அது தயங்காமல் இறங்கி, முன்கால்களால் மண்ணைத் தோண்டத் தொடங்கியது. நாங்கள் இருவரும் பொழுதுபடும்வரை காகங்களைத் துரத்திக்கொண்டு நின்றோம். கடைசியில் அது குழியை மூடிவிட்டு மெல்ல மரத்திலேறியது.

பிறகு ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்தார். "படம் மட்டும் காணாது. நேரிலை பார்க்கவேணும். வைச்சிருக்கிறீங்களோ?"

"இல்லை, விட்டிட்டன். பிறகு கண்ணிலை படேல்லை. முட்டை இருக்கு."

"அப்ப குஞ்சு பொரிக்குமட்டும் பொறுக்கத்தான் வேணும்."

எனக்குப் பொறுமை வரவில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அந்த மண்ணைத்தான் முதலில் போய்ப் பார்க்கிறேன்.