கிரகணத்தன்று அம்மா வெட்டிய வஞ்சிரம்

எங்கள் அம்மா பட்டினப்பாக்கத்தில் பிறந்து, மயிலாப்பூரில் மீன் விற்று, அப்பா போன பிறகு தனியாளாக என்னையும் தம்பியையும் வளர்த்து, போன ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்தார். இந்த நினைவு மலரில் அவருடைய பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அம்மாவுக்குப் பொறுமையே கிடையாது. மீனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அவரை வாயடைக்க வைத்த கேள்வி ஒன்றுதான்: தம்பிக்கு ஏன் வலிப்பு வருகிறது? தம்பிக்கு அறிவு வளர்ச்சி மெதுவானது. சின்ன வயதிலிருந்தே வலிப்பும் உண்டு. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெரியப்பா கண் திருஷ்டி என்றார். அத்தை சொன்னதுதான் பலமான காரணம்: தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மா கிரகணத்தன்று மீன் வெட்டினாராம். திருஷ்டிக்குச் சண்டை போட்ட அம்மா, இதற்கு மட்டும் தலைகுனிந்தார். வெட்டியது உண்மையாயிற்றே!

காலேஜில் சேர்ந்த வேகத்தில் நான் படித்துவிட்டு, கிரகணத்தால் வலிப்பு வராது என்று அம்மாவுக்கு விளக்கினேன். “நீ இன்னா டாக்டரா?” என்றார். தம்பிக்கு ஸ்கேன் எடுத்ததும், முடிவைக் கேட்க அத்தையையும் இழுத்துக்கொண்டு போனார். சாட்சி வேண்டுமாம்.

“வயித்துல மூளை உருவாகும்போதே ஒரு பகுதி சரியா அமையல. வலிப்பும் அதனால, மெதுவா கத்துக்கறதும் அதனால” என்றார் டாக்டரம்மா. எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே காரணம் இல்லை. சிலருக்குப் பிறக்கும்போது மூச்சுத் திணறல், சிலருக்கு மூளைக் காய்ச்சல், சிலருக்கு மரபணு, சிலருக்கு எவ்வளவு தேடியும் தெரியாது என்றும் சொன்னார்.

அத்தை விடவில்லை. “கிரகணத்துல எங்க அண்ணி வஞ்சிரம் வெட்டுச்சே, அது?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா.”

அம்மாவுக்கு உயிர் வந்தது. “கேட்டுக்கினியா? அன்னிக்கு அந்த மீன வாங்கினு போய்க் கொழம்பு வெச்சுத் துன்னதே நீதான்!”

டாக்டரம்மா அவசரமாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். “நெஜமா நான் இல்லியா?”

“நீ இல்லம்மா.”

பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதார். எங்கள் பஸ் வந்து, நின்று, போய்விட்டது.

பிறகு மார்க்கெட்டில் இதே பேச்சுதான். “இந்த மாரி புள்ளைங்கோ இருந்தா டாக்டராண்ட காட்டு, மாத்திரைய நிறுத்தாத. எறா எவ்ளோ போட?”

மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. காரியத்தன்று ஒரு பெரியவர் தம்பியைப் பார்த்து, “எல்லாம் தாய் செஞ்ச பாவம்…” என்று ஆரம்பித்தார்.

அத்தை பாய்ந்தார். “யோவ்! அது மூளை அமைஞ்ச விதம். எங்க அண்ணிய ஒரு வார்த்த சொன்னே, உனக்குச் சோறு கெடையாது!”

உடனிருந்த மார்க்கெட் அக்காக்களுக்கும், டாக்டரம்மாவுக்கும், எல்லாருக்கும் மேலாக எங்கள் அத்தைக்கும் நன்றி. அதற்குப் பிறகு வாயே திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போன அந்தப் பெரியவருக்கும் நன்றி.